சத்து மாத்திரை என்று நான் சொன்னது

சரவணா,

இந்தக் கடிதம் சனிக்கிழமைக்குள் உன் கையில் இருக்க வேண்டும் என்பதற்காகத் தபால் பெட்டியில் போடாமல் கூரியரில் அனுப்புகிறேன். வந்ததும் படி. டூட்டிக்குக் கிளம்புகிற அவசரத்தில் பாதியைப் படித்து மீதியைச் சட்டைப் பையில் மடித்து வைத்துவிடாதே. அது உன் பழக்கம், எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வனிதாவும் அவள் அண்ணனும், கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் குடியிருக்க வீடு பார்க்க ஓசூர் வருகிறார்கள் அல்லவா, அதற்கு முன்னால் இதை நீ முழுதாகப் படித்திருக்க வேண்டும். போனில் சொல்லியிருக்கலாம் என்று நினைப்பாய். நீ தங்கியிருக்கும் அறையில் நான்கு பேர். கீழ்வீட்டு நம்பருக்குப் போட்டால் அந்த அம்மா ரிசீவரை உன்னிடம் கொடுத்துவிட்டு அங்கேயே நின்று காய் நறுக்குவார்கள் என்று நீதான் சொன்னாய். அது மட்டுமில்லை. பேச்சு என்று வந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும், சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனை வைத்துவிடுவேன். எழுதினால் நடுவில் யாரும் குறுக்கே பேச முடியாது, நான் உட்பட.

நேற்று மதியம் வனிதா நம் மருந்துக் கடைக்கு வந்தாள். கல்யாண ஜாக்கெட் தைக்கக் கொடுப்பதற்காக வாலாஜாபாத்திலிருந்து பஸ் ஏறி நம் ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவுக்கு வந்தவள், அப்படியே மாமாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறாள். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. டீ சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கவுண்டர் மேல் கையை வைத்துக்கொண்டு, "மாமா, அவரு போன்ல பேசசொல்ல இடுப்பு வலிக்குதுன்னாரு. ஓசூர் குளுருக்கு ஜாஸ்தியா கீதாம். நல்ல செட்டா பத்து வேளைக்குக் குடுங்க. ஞாயித்துக்கெழம போவசொல்ல நானே குடுத்துட்டு வரேன்" என்றாள்.

என் கை தானாகவே இழுப்பறைக்குப் போனது. இருபத்தெட்டு வருஷமாகப் போகிற கை. ஒரு வலி மாத்திரை, வயிறு எரியாமல் இருக்க ஒன்று, மேலுக்கு ஒரு சத்து மாத்திரை, மூன்றையும் சின்னக் காகிதத்தில் வைத்து மடித்தால் அதுதான் எங்கள் தொழிலில் செட். கம்பெனி ஆட்கள் ஷிப்டு விட்டு வரும்போது பஸ்ஸிலிருந்து இறங்காமலேயே ஜன்னல் வழியாக, "சார், ஒரு செட்டு" என்று கேட்பார்கள். இழுப்பறையைப் பாதி இழுத்த பிறகுதான் யாருக்கு மடிக்கப் போகிறேன் என்பது உறைத்தது. மூடிவிட்டேன். "ஸ்டாக் இல்லம்மா" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். "மெடிக்கல்ல வலி மாத்திர இல்லியா? நல்லாக்கீது மாமா உங்க கடை" என்று சொல்லிவிட்டு, வருகிறேன் என்று படியிறங்கினாள். இறங்கியவள் நேராகச் சாலையைக் கடந்து எதிரில் இருக்கிற மெடிக்கலுக்குப் போனாள். நான் இங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கடைக்காரர் இழுப்பறையைத் திறந்தார், பத்துப் பொட்டலம் மடித்தார், அவள் அதைப் பழுப்பு நிறக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். நடுவில் இருப்பது இருபதடி ரோடு. ஒரு குரல் கொடுத்திருந்தால் திரும்பியிருப்பாள். நான் கொடுக்கவில்லை.

அந்தப் பொட்டலத்தை நீ தொடக்கூடாது என்பது உனக்குத் தெரியும், என்னைவிட நன்றாகத் தெரியும், பட்டவன் நீ. ஆனாலும் நீ சாப்பிடுவாய் என்று பயப்படுகிறேன். உனக்காக ஆசையாக வாங்கி, அவ்வளவு தூரம் பையில் வைத்துக் கொண்டுவந்து, தண்ணீரும் ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து பார்ப்பாள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்பதைச் சொல்லக்கூடாது என்று உன்னிடம் கையடித்துச் சத்தியம் வாங்கியவன் நான். நீ கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றுகிற பையன். அதனால்தான் இந்தப் பயம்.

பழசையெல்லாம் எழுதப் போகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் என் பக்கத்தில் என்ன நடந்தது என்பது உனக்குத் தெரியாது. உனக்கு இருபத்திரண்டு வயதில் அது வந்தது. முதல் வேலை, வாரத்துக்கு ஒரு ஷிப்டு மாறிக்கொண்டே இருக்கும், மூன்று வாரமாக நீ சரியாகத் தூங்கவில்லை. வேலைக்குப் புதுசு, உற்சாகமாக இருக்கிறான் என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஒரு வியாழக்கிழமை காலையில் கம்பெனி பஸ் டிரைவருக்கு உன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தாய். நீ ஏழு கம்பெனி ஆரம்பிக்கப் போவதாகவும் அவரைத்தான் டிரான்ஸ்போர்ட் மேனேஜராகப் போடப் போவதாகவும் சொன்னாய். நல்ல மனிதர், கடிகாரத்தை என்னிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார். அடுத்த நாலு நாளும் நீ பேசிக்கொண்டே இருந்தாய். அதற்குப் பிறகு இரண்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய், ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டில் எது அதிகப் பயம் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

சென்னையில் அந்த மனநல மேடத்திடம் உன்னைக் கூட்டிக்கொண்டு போனோம். இது ஏறி இறங்குகிற நோய், கட்டுக்குள் வைக்கலாம், வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்யலாம் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். லித்தியம் எழுதினார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்க வேண்டும், கூடினாலும் ஆபத்து குறைந்தாலும் பிரயோஜனமில்லை, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், சாப்பாட்டில் உப்பைத் திடீரென்று நிறுத்தக்கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து, "அப்புறம் முக்கியமா, வலி மாத்திரை ஏதாவது" என்று ஆரம்பித்தார். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்தேன். "மேடம், நானே மெடிக்கல்லதான் இருக்கேன். இருபத்தஞ்சு வருஷ சர்வீஸு. எனக்கு எல்லாம் தெரியும்." வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். "ஓ, அப்ப உங்களுக்கே தெரியும், நல்லதாப் போச்சு" என்று அவர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டார். எனக்கு அன்றைக்குப் பெருமைதான். உன் அம்மா முன்னால் ஒரு டாக்டர் என்னைத் தெரிந்தவன் என்று சொல்லிவிட்டார் அல்லவா. அந்த வாக்கியத்தை அவர் முடித்திருந்தால் நமக்கு என்னவெல்லாம் மிச்சமாகியிருக்கும் என்று நான் நினைக்காத நாள் இல்லை.

அடுத்து நான் செய்த காரியம் உனக்கே தெரியும். லித்தியத்தை அதன் பட்டையோடு வீட்டில் வைத்தால் வருகிறவர் போகிறவர் பார்ப்பார்கள், பேரைப் படித்து யாரிடமாவது விசாரிப்பார்கள் என்று கடையிலிருந்து பி காம்ப்ளெக்ஸ் காலி பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்தேன். மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அதில் போட்டேன். "யாராச்சும் கேட்டா சத்து மாத்திரைன்னு சொல்லு, பேச்சு முடிஞ்சிடும்" என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தேன். சென்னையில் மனநல ஆஸ்பத்திரி இருக்கிற பேட்டையின் பெயரை வைத்தே ஆளைக் கேலி செய்கிற ஊர் இது. அந்தப் பெயர் உன் மேல் விழக்கூடாது என்று நினைத்தேன். இப்போதும் அந்தப் பயத்தைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். பாட்டிலை மாற்றியதைத்தான் சொல்கிறேன்.

இரண்டு வருஷம் நன்றாகவே போனது. ஒரகடம் ரோட்டில், வடக்குப்பட்டுக்குப் போகிற வழியில், அந்தக் கார் சீட் கம்பெனியில் உனக்கு வேலை கிடைத்தது. லைனில் வருகிற சீட்டைத் தூக்கி, இடுப்பைத் திருப்பி, டிராலியில் வைக்க வேண்டும், அதே வேலை நாள் முழுக்க. ஆறு மாதத்தில் உனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் ஒருக்களித்து உட்கார ஆரம்பித்தாய். ஷூ லேஸ் கட்டக் குனிய முடியாமல் உன் அம்மா கட்டிவிட்டாள், நீ கூச்சத்தோடு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாய். எலும்பு டாக்டரிடம் போனோம். எக்ஸ்ரே எடுத்தார், கையால் தட்டிப் பார்த்தார், எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாயா என்று கேட்டார். நீ நேர்மையாக உள்ளதைச் சொன்னாய். அவர் பேனா நின்றது. எக்ஸ்ரேயை உறைக்குள் போட்டார். "எலும்புல ஒண்ணும் இல்லை. இதெல்லாம் மனசு சம்பந்தப்பட்டது. நீங்க அங்கியே காமிச்சிக்கிங்க" என்றார். அங்கே மேடத்திடம் போனால் இடுப்பை எலும்பு டாக்டரிடம்தான் காட்ட வேண்டும் என்றார். இரண்டு வாசலுக்கும் நடுவில் நீ இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

அவர்களைச் சொல்லி என்ன, நானே நம்பவில்லை. இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. நீ வலிக்கிறது என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் எனக்குள் ஓடியது ஒன்றுதான்: மறுபடியும் ஆரம்பிக்கிறதா? நீ படுத்தால் பயம், நிமிர்ந்து வேகமாக நடந்தால் அதைவிடப் பயம். அந்த நோய் வந்த பிறகு உன் உடம்பு சொன்ன எதையும் நான் உடம்பு சொன்னதாக எடுத்துக்கொள்ளவேயில்லை. "இன்னாடா சும்மா இடுப்பு இடுப்புன்னு. மனச வுட்றாத, எல்லாம் சரியாப் பூடும்" என்று சத்தம் போட்டேன். நீ தரையில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டாய். மனசும் இடுப்பும் ஒரே ஆளுக்குள்தான் இருக்கின்றன, ஒன்று வலித்தால் இன்னொன்றும் வலிக்கும், அதனால் எதுவும் பொய்யாகிவிடாது என்று பின்னால் மேடம் சொன்னார். அப்போது எனக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது ஒரு பாடம்தான்: இனிமேல் எந்த டாக்டரிடமும் லித்தியத்தைப் பற்றி மூச்சு விடக்கூடாது.

சித்திரைத் திருவிழாக் கூட்டம், கடையில் நிற்க இடமில்லை. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். நீ ஷெட்டுக்குள் வியர்த்து ஊற்றி, ஓ.டி.யும் பார்த்துவிட்டு வந்து கடை ஓரமாக நின்றாய். "அப்பா, சத்தியமா முடில. எதுனா குடு" என்றாய். உன் முகத்தைப் பார்த்தேன். முதல் தடவையாக நம்பினேன். நம்பிய மாத்திரத்தில் இழுப்பறையை இழுத்து, காலை ஒன்று மாலை ஒன்று ஐந்து நாளைக்கு என்று பத்து செட் மடித்து உன் கையில் கொடுத்தேன். நல்ல கம்பெனி மாத்திரையாகப் பார்த்துப் போட்டேன், பிள்ளைக்கு என்பதால். இரண்டாம் நாளே வலி குறைந்தது என்று சொன்னாய். அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா.

ஐந்தாம் நாள் காலை பதினோரு மணி இருக்கும். ஷேர் ஆட்டோவிலிருந்து செல்வம் உன்னை இறக்கினான். கோவில்பட்டிப் பக்கத்துப் பையன், உன்னோடு லைனில் நிற்பவன். நீ அவன் தோளில் சாய்ந்துகொண்டு கால் பின்ன நடந்து வந்தாய். கண் சொருகியிருந்தது. ஏதோ சொன்னாய், நாக்கு குழறியது. காலையில் உன்னைக் கம்பெனி கேட்டிலேயே நிறுத்திவிட்டார்களாம். "தண்ணி போட்டுக்கினு வந்துக்கிறான், இட்டுக்கினு போ" என்று செக்யூரிட்டி சொல்லிவிட்டானாம். கடை வாசலில் திருவிழாவுக்கு வந்த ஜனம். எனக்கு வந்தது வெட்கம்தான். உன்னைப் பிடித்து நிறுத்தி, அத்தனை பேர் முன்னால், உன் வாயை முகர்ந்து பார்த்தேன்.

மாத்திரை வாசனையும் வாந்தி வாசனையும்தான் இருந்தன. செல்வத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன அண்ணாச்சி நீங்களும்? இவன் குடிக்கவே மாட்டாம்லா. ரெண்டு நாளா வயித்தால போவுது, வாந்தி எடுக்கான். கையப் பாருங்க, எப்படி ஆடுதுன்னு. டம்ளரப் பிடிக்க முடியல. இவன் என்ன மாத்திர சாப்புடுதான்?" என்று கேட்டான். அவன் கேட்டதுதான் சரியான கேள்வி. இருபத்தைந்து வருஷ சர்வீஸ்காரனுக்குத் தோன்றாதது அவனுக்குத் தோன்றியது. நான் சுற்றிலும் நின்றவர்களைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லப்பா, சத்து மாத்திரைதான்" என்றேன்.

ஆஸ்பத்திரியிலும் அதையே சொன்னேன். இதைத்தான் எழுத முடியாமல் நேற்றிலிருந்து பேனாவை மூடி மூடித் திறக்கிறேன். டியூட்டி டாக்டர், சின்ன வயசு, உன் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், முழங்காலைத் தட்டிப் பார்த்தார். வேற ஏதாவது மாத்திரை எடுக்கிறாரா, சின்னதா இருந்தாலும் சொல்லுங்க என்று இரண்டு தரம் கேட்டார். இடுப்பு வலிக்குக் கொடுத்ததைச் சொன்னேன். "அதோட?" என்றார். "சத்து மாத்திரை" என்றேன். நீ கட்டிலில் கிடந்தபடி, "லி, லி" என்று ஏதோ சொல்ல முயன்றாய். நாக்கு எழவில்லை. உன் கண் என்னையே பார்த்தது. நான் சொல்லிவிடுவேன் என்று நீ காத்திருந்தாய். எனக்குக் கேட்டது, புரிந்தது, பக்கத்துக் கட்டிலில் நம் தெருக்காரர் ஒருவர் படுத்திருந்தார், நான் பேசாமல் நின்றேன். அப்போது உன் அம்மா என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். புடவைத் தலைப்பில் சுற்றி வைத்திருந்த பாட்டிலை எடுத்தாள், மூடியைத் திறந்து டாக்டரின் உள்ளங்கையில் நாலு மாத்திரையைக் கொட்டினாள். "இது சத்து மாத்திர இல்ல சார். சீட்டுலதான் அப்படிப் போட்டுக்கீது. மனசுக்குத் தர்றது, லித்தியம்னு பேரு" என்றாள். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

அந்த டாக்டர் அதற்கப்புறம் ஒரு வினாடி வீணாக்கவில்லை. மாத்திரைகளை நிறுத்தி, உப்புத் தண்ணீர் ஏற்றி, ஆம்புலன்சில் சென்னைக்கு அனுப்பினார். மூன்று நாள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றோம். வலி மாத்திரை சிறுநீரகத்தின் கதவைச் சாத்திவிடும், லித்தியம் வெளியே போக வழியில்லாமல் ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும், வெயிலில் வியர்வை வேறு போனதால் சீக்கிரம் ஏறிவிட்டது என்று மேடம் விளக்கினார். அன்றைக்கு என்னை அவர் திட்டவில்லை. "நான் அன்னிக்கே முழுசா சொல்லியிருக்கணும்" என்று தன் மேல் போட்டுக்கொண்டார். குறுக்கே பேசியது நான் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நீ பிழைத்துவிட்டாய். எழுத்து மட்டும் கொஞ்சம் கோணலாக வருகிறது. பேங்க் படிவத்தில் கையெழுத்து சேரவில்லை என்று திருப்பி அனுப்பியபோது நீ சிரித்தாய், நான் கழிவறைக்குள் போய் நின்றுகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் உன் இடுப்புக்கு வைத்தியம் என்று ஒன்று நடந்தது. மேடம் தன் கைப்பட எல்லாவற்றையும் ஒரு கடிதத்தில் எழுதி, நம் ஊர் பிசியோதெரபிக்காரருக்குக் கொடுத்தனுப்பினார். அவர் அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தார், பேனாவைக் கீழே வைக்கவில்லை. "வலி எப்ப ஜாஸ்தி, உக்காந்தாவா நின்னாவா? தூக்கம் எப்படி? தூங்காத அன்னிக்கு வலி கூடுதா?" என்று வரிசையாகக் கேட்டார். தூங்காத அன்றைக்குக் கூடுகிறது என்று நீ சொன்னபோது நான் திரும்பி உன்னைப் பார்த்தேன். அது எனக்குத் தெரியாது, நான் கேட்டதில்லை. தினம் செய்ய வேண்டிய பயிற்சி, நடை, வெந்நீர் ஒத்தடம், முடியாத அன்றைக்கு மேடம் சொன்ன அந்தச் சாதாரணக் காய்ச்சல் மாத்திரை, அவ்வளவுதான். கம்பெனியிலும் நீயே போய்ப் பேசி, தூக்குகிற இடத்திலிருந்து செக்கிங் மேஜைக்கும் ஒரே ஷிப்டுக்கும் மாறிக்கொண்டாய். வலி முழுதாகப் போகவில்லை. ஆனால் ஷூ லேஸை நீயே கட்டினாய். உன் அம்மா அன்றைக்கு அடுப்படியில் யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், நான் பார்த்தேன். அந்தத் தெம்பில்தான் ஓசூர் கம்பெனியில் வேலை கிடைத்ததும் நீ தனியாகக் கிளம்பினாய்.

இவ்வளவு பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை. வனிதா வீட்டார் பெண் பார்க்கக் கூப்பிட்டபோது, அவள் அப்பா, "பையனுக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே சார்?" என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டார். "ஒண்ணுமில்ல, லேசா இடுப்பு வலி வரும், லைன் வேலை பாத்த எல்லாருக்கும் வர்றதுதான்" என்றேன். நீ எழுந்து வெளியே போய் நின்றாய். திரும்பி வரும்போது பஸ்ஸில், "அவங்ககிட்ட நானே சொல்லிடறேன்பா" என்றாய். நான் உன் கையைப் பிடித்து என் கை மேல் அடிக்க வைத்து, கல்யாணம் முடிகிற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன். கல்யாணம் நின்றுவிடும் என்ற பயம். நின்றால் நீ மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாய் என்ற பயம். அந்தப் பயம் இப்போதும் இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நேற்று அந்தப் பெண் ஜிப்பை இழுத்து மூடியதைப் பார்த்த பிறகு அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்துவிட்டது. நான் அன்றைக்குப் பிள்ளைக்கு என்று நல்ல மாத்திரையாகப் பார்த்து மடித்தது போலத்தான் அவளும் நல்ல செட்டாகக் கேட்டு வாங்கினாள். தெரியாமல், ஆசையாக, என் கை செய்ததை அவள் கை செய்யும். ஓசூரில் நீ குழறிப் பேசினால் அவளும் வாயை முகர்ந்துதான் பார்ப்பாள். ஆஸ்பத்திரியில் கேட்டால் சத்து மாத்திரை என்றுதான் அவளும் சொல்வாள், நிஜமாகவே அப்படி நம்பிக்கொண்டு. பாட்டிலை எடுத்துக் கொட்ட உன் அம்மா அங்கே இருக்க மாட்டாள்.

நேற்றுச் சாயங்காலம் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நானே வாலாஜாபாத் போய் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு வரட்டுமா என்று கேட்டேன். அவள் பூ கட்டிக்கொண்டே, "மறைச்சப்பவும் அவனக் கேக்கல. இப்ப சொல்றதுக்கும் அவனக் கேக்க மாட்டியா?" என்றாள். அவள் சொன்னது சரி. உன் நோய், உன் இடுப்பு, உன் பெண்டாட்டி ஆகப் போகிறவள். சொல்ல வேண்டியவன் நீ. நான் செய்ய வேண்டியது ஒன்றுதான், உன் வாயைக் கட்டிய கட்டை அவிழ்ப்பது.

நீ எனக்குக் கொடுத்த சத்தியத்தை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அது இனி உன்னைக் கட்டாது. இந்தக் கடிதத்தோடு இந்த மாதத்து மாத்திரையும் வருகிறது. பாட்டிலை வெந்நீரில் ஊறவைத்துப் பழைய சீட்டை உரித்துவிட்டேன். வெள்ளைத்தாளில் நானே லித்தியம் என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். எழுத்து உன் எழுத்தைவிடக் கோணலாக இருக்கும், கேலி செய்யாதே. இதை மேஜை மேல் எல்லாரும் பார்க்கிற இடத்தில் வை. சொல்வது கஷ்டமாக இருந்தால் இந்தக் கடிதத்தையே அவளிடம் படிக்கக் கொடு. மாமா எவ்வளவு பெரிய முட்டாள் என்று அவளுக்கும் தெரியட்டும், ஸ்டாக் இல்லை என்று நான் சொன்னது ஏன் என்றும் தெரியட்டும். அவள் எழுந்து போய்விட்டால் எனக்குப் போன் செய். கீழ்வீட்டு அம்மா கேட்டாலும் பரவாயில்லை. அடுத்த பஸ்ஸில் நானும் அம்மாவும் வந்துவிடுவோம், எவ்வளவு நாள் வேண்டுமானாலும் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கைப்பையைத் திறந்து அந்தப் பொட்டலத்தை நீட்டுவாள். வாங்கிக்கொள். நமக்காக ஒருத்தி சாலையைக் கடந்து போய் வாங்கியது அது. பிரிக்காதே. அவள் தண்ணீர் கொண்டுவர எழுந்தால், வேண்டாம், முதலில் உட்கார் என்று சொல்.

அப்பா